குளிர்காலப் புல் வேண்டாம் என்றாய்

மேசா, அரிசோனா
அக்டோபர் 9

அன்புள்ள வெர்னாவுக்கு,

என் நலத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடிதம் முழுவதும் நீ அதையே தேடிக்கொண்டிருப்பாய். விழித்திரை ஒட்டிக்கொண்டுவிட்டது என்று மருத்துவர் சொல்கிறார். அதை அழுத்திப் பிடிப்பதற்காகக் கண்ணுக்குள் ஏற்றிய காற்றுக் குமிழி மட்டும் இன்னும் கரையவில்லை. அது கரையும்வரை நான் விமானம் ஏறக் கூடாது. உயரமான சாலையில் காரிலும் போகக் கூடாது. உயரத்தில் குமிழி விரிந்தால் கண் போய்விடும். உன்னிடம் மினசோட்டாவுக்கு மலையேறாமல் வரும் சாலை ஏதேனும் உண்டா என்று வரைபடத்தில் தேடினேன். இல்லை.

முகத்தைத் தரையை நோக்கிக் கவிழ்த்தே வைத்திருக்க வேண்டும் என்பதும் உத்தரவு. ஆகவே, நீ எத்தனையோ ஆண்டுகளாகக் காட்டியும் நான் பார்க்காத நம் புல்தரையை, இப்போது வேறு வழியின்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் எறும்புகளுக்கென்று ஒரு நெடுஞ்சாலை இருப்பது எனக்கு இதுவரை தெரியாது.

நீ சிகிச்சைக்காக நம் மகள் மார்சியின் வீட்டுக்குப் போன பிறகு, இங்கு எல்லாவற்றையும் உன் வழக்கப்படியே செய்து வந்தேன். கோடை முழுவதும் அறுகுக்கு வேண்டிய தண்ணீர் தவறவில்லை. புழுதிப் புயல் அரளி வேலியின் ஒரு கிளையை முறித்ததோடு சரி. செப்டம்பரில் உரத்தை நிறுத்தினேன். தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்தேன். அறுகு சுணங்கியதும் பக்கத்து வீட்டு ரூடி ஒச்சோவா தம் புல்வெட்டியோடு வந்து சேர்ந்தார். நான் குனிந்தபடி நடப்பதைப் பார்த்துவிட்டு, “என்ன வக்கீலய்யா, தலையத் தூக்காம நடக்குறீங்க? ஓய்வுபெற்ற பிறகும் கேஸு தோக்குறீங்களா?” என்றார். வெட்டி முடித்ததும், “மொட்டையடிச்சாச்சு. இனி விதையப் போடுங்க, எருவக் கொட்டுங்க, தெருவே மூக்கப் பொத்தட்டும்” என்று சிரித்தார். அறுகு தூங்கும் குளிர்காலத்துக்கான புல் விதை மூட்டைகளை அவரே வாங்கி வந்து கார் கொட்டகையில் சுவரோரம் நிறுத்திவிட்டுப் போனார்.

அன்று மாலைதான் நீ தொலைபேசியில் பேசினாய். உன் சொற்களை அப்படியே குறித்திருக்கிறேன். “குளிர்காலப் புல்லு இந்த வருஷம் வேண்டாம், ஹார்லன். தண்ணிதான் வீணாப் போகும்.” உடனேயே, பம்பளிமாஸ் மரத்தின் அடிக்கு வெள்ளை அடித்தேனா என்று கேட்டாய். நான் பேச வாயெடுப்பதற்குள், “நீ புல்லப் பாக்க மாட்ட, புல்லப் பத்தி வாதாடத்தான் செய்வ” என்று சொல்லிச் சிரித்தாய். பிறகு இருமல் வந்தது. மார்சி தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். அதனால்தான் இதை எழுத்தில் கேட்கிறேன்.

உன் உத்தரவை நான் மீறவில்லை. அதன் காரணத்தை மட்டுமே கேட்கிறேன். தண்ணீர்தான் காரணமென்றால், இதைவிடக் கடும் வறட்சியிலும் நீ விதைத்திருக்கிறாய்; நான் ஆட்சேபித்தபோது, ஒரு வேளை குளிக்காமல் இரு என்று எனக்கு யோசனை சொன்னாய். என் கண் காரணமென்றால் ரூடி இருக்கிறார். இவ்விரண்டும் அல்லாத வேறொரு காரணம் இருக்குமானால், அதை ஊகிக்க எனக்கு விருப்பமில்லை.

அக்டோபரில் விதை போடாத வாசலை நம் தெரு எப்படிப் புரிந்துகொள்ளும் என்பது உனக்குத் தெரியும். கோடைக்கு அயோவா போன லிண்ட்ஸ்ட்ரோம் தம்பதியர் திரும்பி வராத ஆண்டில், அவர்கள் வாசல் வைக்கோல் நிறத்தில் கிடந்ததைப் பார்த்துத்தான் நமக்குச் செய்தி தெரிந்தது. தபாலில் மரண அறிவிப்பு அட்டை வந்தது அதற்குப் பிறகு.

மொட்டையடித்த தரை உன் பதிலுக்காகக் காத்திருக்கிறது. பம்பளிமாஸுக்கு வெள்ளையடித்துவிட்டேன்.

அன்புடனும் மறுபரிசீலனை கோரியும்,
ஹார்லன்


மேசா
நவம்பர் 6

அன்புள்ள வெர்னாவுக்கு,

நீ சொல்லச் சொல்ல மார்சி எழுதிய கடிதம் கிடைத்தது. உறைபனி விழும் முன் காகிதப்பூச் செடிக்குத் துணி போர்த்த வேண்டும், கண் மருந்தை மறக்கக் கூடாது, பம்பளிமாஸ் பழங்களை அவசரப்பட்டுப் பறிக்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். எல்லாவற்றையும் ஏற்கிறேன். புல்லைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடிதத்தின் பின்பக்கத்தையும் பார்த்தேன்.

குமிழி சிறுத்து வருகிறது. இப்போது தலை நிமிர்த்த அனுமதி உண்டு. ஆனால் அது கண்ணுக்குள் நீர்மட்டம் போல ஆடிக்கொண்டிருப்பதால், உலகத்தின் ஒரு பாதியே எனக்குத் தெரிகிறது. விமானத்தைப் பற்றிக் கேட்டேன். “இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க” என்றார் மருத்துவர். எத்தனை நாள் என்று அவரைக் கட்டாயப்படுத்திக் கேட்டும் பயனில்லை.

ஒரு செய்தியை உன்னிடம் மறைக்கக் கூடாது. மார்சி தன் காரிலிருந்து தனியாக என்னை அழைத்தாள். “அப்பா, அடுத்த சுத்து மருந்து வேண்டாம்னு அம்மா டாக்டர்கிட்ட சொல்லிட்டாங்க. எடுத்துக்கிட்டா குளிர்காலம் தாண்டும், ஒருவேள வசந்தமும் தாண்டும்னு அவர் சொல்றாரு. மேசா வீட்டுக்கே திரும்பி வரலாமாம், மருந்த அங்கயே ஏத்திக்கலாமாம். அம்மா சிரிச்சுக்கிட்டே முடியாதுன்னு தலையாட்டிட்டாங்கப்பா. நீங்களாவது பேசுங்க” என்றாள். உனக்குத் தெரியக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டாள். இக்கடிதத்தை அவள்தான் உனக்கு உரக்கப் படிக்கப் போகிறாள். மார்சி, என்னை மன்னித்துக்கொள். எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் வாதாட எனக்கு வராது. நிறுத்தாமல் மேலே படி.

வெர்னா, உன் உடம்புக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்கும் உரிமை உனக்கு மட்டுமே உண்டு என்னும் பத்திரத்தை எழுதியவன் நான். நேற்று அதை எடுத்து வரி வரியாகப் படித்தேன். கணவன் குறுக்கிடுவதற்கு அதில் எங்கேனும் இடம் இருக்கிறதா என்று தேடினேன். ஓட்டை எதுவும் இல்லை. அவ்வளவு கவனமாக நான் வேறு எதையும் எழுதியதில்லை போலும்.

ஜூலையில் அங்கு வந்திருந்தபோது அந்த மருந்தால் நீ பட்ட பாட்டையும் பார்த்தேன். வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றதைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை. அதை மீண்டும் ஒருமுறை படு என்று, வாளி பிடிக்கக்கூட வர முடியாத தூரத்திலிருந்து சொல்ல எனக்கு என்ன தகுதி? ஆகவே மருந்தைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. புல்லைப் பற்றியே எழுதுகிறேன்.

தெரு முழுவதும் பச்சையாகிவிட்டது. நம் வாசல் மட்டும் வைக்கோல். சென்ற வாரம் எதிர்வீட்டு டாட்டி ஃபிங்க், சூரை மீனும் நூடுல்சும் போட்டு வேகவைத்த பாத்திரத்தைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். “சொல்றதுக்கு ஒண்ணும் தெரியல, ஹார்லன். சாப்பிடு. பாத்திரத்த மெதுவாக் குடு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன காரணத்துக்காக இந்தச் சாப்பாடு என்று கேட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது. “வாசலப் பாத்தேனா… அதான்…” என்றாள். என் மனைவி உயிரோடு இருக்கிறாள், நேற்றுக்கூடக் கண் மருந்துக்காக என்னைக் கண்டித்தாள் என்று நான் சொன்னேன். அவள் பாத்திரத்தை நீட்டியபடியே நின்றாள். திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை என்பதால் வாங்கிக்கொண்டேன். அது குளிர்பதனப் பெட்டியில் இருக்கிறது. என்னால் தொட முடியவில்லை.

ரூடி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறார். நேற்று குனிந்து மண்ணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “நெலம் குளுந்துக்கிட்டே வருது, வக்கீலய்யா. இந்த வாரம் போட்டா முளைக்கும். அதுக்கப்புறம் போட்டா புறாவுக்குத்தான் விருந்து” என்றார். என்னால் முடியாது, இது வெர்னாவின் உத்தரவு என்றேன். “அட, நான் தூவிட்டுப் போறேன். நீங்க பாக்கல. உங்களுக்குத்தான் பாதி கண்ணு தெரியாதே! வெர்னா வந்து என்னைத் திட்டட்டும். வந்து திட்டினா அத விட எனக்கு வேற என்ன வேணும்?” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசிச் சொல்லோடு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். மனைவி இறந்த ஆண்டில் அவரும் விதைக்கவில்லை. எனக்கு அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நான் சம்மதிக்கவில்லை. அந்த நிலம் எப்போதும் உன் பொறுப்பில் இருந்தது. உன் அனுமதி இல்லாமல் அதில் நான் ஒரு விதையும் போடமாட்டேன்.

ஆனால் ஓர் அத்துமீறலை உனக்குத் தெரிவிக்க வேண்டும். ரூடி தம் வாசலில் விதைத்தபோது விதை தூவும் வண்டி கொஞ்சம் எல்லை தாண்டி வீசியிருக்கிறது. நம் பக்கத்தில், நடைபாதை ஓரமாக, ஒரு சாண் அகலத்துக்குக் குளிர்காலப் புல் முளைத்திருக்கிறது. உன் உத்தரவின்படி அதைப் பிடுங்கியிருக்க வேண்டும். அதற்காகத்தான் மண்டியிட்டேன். மயிர் போல அவ்வளவு மெல்லியதாக இருந்தது. உன் தலையில் ஆகஸ்டில் மறுபடி முளைத்ததாக மார்சி படம் அனுப்பினாளே, அதைப் போல. எழுந்து உள்ளே போய்க் குவளையில் தண்ணீர் கொண்டுவந்தேன். அன்று முதல் காலையிலும் மதியத்திலும் சாயங்காலத்திலும் ஊற்றிவருகிறேன். இதற்கு நியாயம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இனி என் கோரிக்கை. மருந்துக்குச் சம்மதி என்று கேட்கவில்லை. திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுக்கும்படியும் கேட்கவில்லை. உன்னால் நிறைவேற்ற முடியாத வாக்கை உன்னிடமிருந்து வாங்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். இந்தப் புல் எவ்வளவு காலம் இருக்கும் என்பதையும் நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். மே மாதக் கடைசியில் வெயில் அதை முடித்துவிடும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நிற்காது. அதற்கு மேலும் அதை நிறுத்தி வைக்கும்படி நானும் கேட்க மாட்டேன். மேவுக்கு அப்பால் எதையுமே நான் கேட்கவில்லை, வெர்னா.

மூட்டைகள் சுவரோரம் இருக்கின்றன. ரூடி வண்டியைத் துடைத்து வைத்திருக்கிறார். நிலத்தில் இன்னும் கொஞ்சம் சூடு இருக்கிறது. ‘தூவு’ என்று ஒரே ஒரு சொல்லை மார்சியிடம் சொல்லி அனுப்பு.

உன் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,
ஹார்லன்