காலி வண்டிகளின் காலைச் சுற்று

ஜனவரி 6, திங்கள்

பதினொரு வண்டியில் நாலுக்குத்தான் லோடு. ஆனாலும் காலை ஏழு மணிக்குப் பதினொன்றையும் வெளியே அனுப்பினேன். ஏழு வண்டி காலியாகவே மேம்பாலம் வரை போய், பின்வாசல் வழியாக வந்து நின்றன. மூன்று மாதமாக இதே கூத்து. வண்டி நிற்பது வெளியே தெரிந்தால் இருக்கிற வாடிக்கைக்காரனும் கழன்றுவிடுவான்.

எதிர்வாசலில் தங்கச்சி டீ கிளாஸோடு நின்று எண்ணினாள். அவளுக்கு இருப்பது நாலு வேன். “பதினொண்ணும் கிளம்பிடுச்சு, உனக்கென்ன ராஜா” என்றாள்.

“ஏதோ ஓடுது” என்றேன். ஓடத்தானே செய்கிறது, மேம்பாலம் வரைக்கும்.

ஜனவரி 10, வெள்ளி

வண்டி உரிமையாளர் சங்கத்துக் கேள்வித்தாள். அடுத்த ஆறு மாதத் தொழில் மேல் உங்கள் நம்பிக்கை பத்துக்கு எத்தனை? காரணம் என்ன? பெயர் எழுத வேண்டாம்.

எட்டு போட்டேன். பெயரே இல்லாத தாளில் யாரை ஏமாற்றுகிறேன்?

ஜனவரி 20, திங்கள்

சங்கச் செயலாளர் என்பதால் வந்த தாள்களைக் கூட்டிப் பார்ப்பது என் வேலை. எண்களை மட்டும் பார்த்தேன், காரணமெல்லாம் யார் உட்கார்ந்து படிப்பது. சராசரி ஏழே முக்கால். டயர் இல்லாமல் இரண்டு லாரியைக் கல்லில் நிறுத்தி வைத்திருக்கும் சங்கத்து மொட்டைத்தலையன்கூட ஏழு போட்டிருப்பான் போல. கூட்டத்தில் படித்ததும் கைதட்டினார்கள். வெட்கக்கேடு என்னவென்றால், அதைக் கேட்டு எனக்கே தெம்பு வந்தது. அத்தனை பேரும் புளுகிவிட்டு, கூட்டி வகுத்ததை நம்பினோம்.

ஜனவரி 29, புதன்

தங்கச்சி வந்தாள். ஒரு பெரிய கம்பெனி அவளுடைய நாலு வேனையும் எடுத்துக்கொள்கிறதாம். அங்கேயே மேலாளர் வேலை, மாதச் சம்பளம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். புருஷன் செத்த பிறகு தனியாளாக நிமிர்த்திய தொழில், மனசு வரவில்லை அவளுக்கு.

“உண்மையைச் சொல்லுண்ணா. தாக்குப் பிடிக்குமா? நீ என்ன சொல்றியோ அதுதான்.”

சொல்லியிருக்கலாம். ஏழு வண்டி சும்மா சுத்துதும்மா, நீ போய்ப் பிழைச்சுக்கோன்னு. சின்ன வயசுலேர்ந்து அவளுக்கு நான்தான் பெரிய ஆளு. அந்த வீறாப்பு விடல. “கையை விட்டுடாதே, ஆறு மாசத்துல சூடு பிடிச்சிடும்” என்றேன். முகம் தெளிந்து போனாள்.

ஜனவரி 31, வெள்ளி

வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

மார்ச் 3, திங்கள்

அவளுக்கு இருந்த ஒரே துணி ஆலை ஒப்பந்தமும் போய்விட்டது. நாலு வேனையும் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறாள், மறைக்கத் தெரியவில்லை. அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டாளாம். வேறு ஆளைப் பார்த்துவிட்டார்களாம்.



மார்ச் 19, புதன்

சொல்லிவிட்டேன். மேம்பாலம், பின்வாசல், எல்லாவற்றையும்.

“உன் வண்டிய எண்ணிட்டுத்தானேண்ணா தினமும் என் கேட்டைத் திறப்பேன்” என்றாள். அவ்வளவுதான். திட்டித் தொலைச்சிருக்கலாம், நாலு அறை விட்டிருக்கலாம். குடித்த கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள், அந்நியர் வீட்டுக்கு வந்தவள் மாதிரி.

ஏப்ரல் 5, சனி

வேன்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டப் போகிறாள். பெட்டியைத் தூக்கப் போனேன், விடவில்லை. “போறேன்” என்றாள்.

நான் பாவி.

ஏப்ரல் 15, செவ்வாய்

புதுக் கேள்வித்தாள் வந்துவிட்டது. அலமாரியில் இடம் பண்ணப் பழைய கட்டைப் பிரித்தேன். அவளுடைய கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஒன்பது போட்டிருக்கிறாள். சங்கத்திலேயே அதிகம் அதுதான். காரணம் என்ற இடத்தில்: எதிர்வாசல் வண்டியெல்லாம் தினமும் கிளம்புது.

தாளைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன். “காலி வண்டிய எடுக்கவா முதலாளி?” என்றார் டிரைவர்.

“வேணாம், நிக்கட்டும்.”

லோடு இருந்த மூன்று வண்டி கிளம்பின. எட்டு, தெருவே பார்க்க நின்றன. எதிர்வாசல் கேட்டில் பூட்டு தொங்குகிறது, எண்ண ஆளில்லை.