இரண்டாவது குண்டு

விளாங்குடி,
சுபானு வருஷம், மாசி 12.

சிரஞ்சீவி தவசிக்கு அப்பா ஆசி கூறி எழுதுவது. சொக்கநாதர் துணையில் நானும் உன் அம்மாவும் சுகமே, அந்த வடக்கத்திக் குளிரில் நீயும் சுகம் என்று எழுதினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். உன் கடிதம் கிடைத்தது. பட்டாளத்து வண்டிக்கு வைக்கும் கண்ணாடியைச் சுட்டுப் பார்த்ததில், மலிவானது முதல் குண்டைத் தாங்கியது, அதே இடத்தில் இரண்டாவது பட்டதும் பொத்துக்கொண்டது, நாலடுக்குக் கண்ணாடி இரண்டையும் தாங்கியது, ஆனால் விலை மும்மடங்கு, பாரமும் அதிகம் என்கிறாய். மலிவுக் கண்ணாடிக்கு முதல் குண்டை மட்டும் அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் வேலை கிடையாது என்கிறாராம் உன் துரை. இதில் என்னைக் கேட்க என்ன இருக்கிறது? போடாதே. எதிராளி ஒரு தடவை சுட்டுவிட்டுக் கும்பிடு போட்டுப் போய்விடுவானா? சென்சார்காரர் இதைப் பிரித்தால் அவரும் நன்றாகப் படிக்கட்டும், எனக்குப் பயமில்லை.

நான் பெரிய யோக்கியன் என்று இதை எழுதவில்லை. நம் பஸ்ஸின் முன்கண்ணாடி உடைந்தபோது, யுத்தகால விலைக்குப் பயந்து, படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் சாதாக் கண்ணாடி வாங்கிப் போட்டவன் நான். சோழவந்தான் ரோட்டில் கல் தெறித்து டிரைவர் காளைக்கு ஒரு கண் போனது அதனால்தான். அசல் மோட்டார் கண்ணாடி என்று அவனிடமும் உன்னிடமும் பொய் சொன்னேன். பிறகு நல்ல கண்ணாடியாக வாங்கி, டிரைவருக்கு நேரே மட்டும் இரண்டு சாண் அகலம் வைத்து, மிச்சத்துக்குப் பலகை அடித்தேன். "கண்ணாடிக்கு வக்கில்லாம பலகை அடிச்சிருக்கான்" என்று ஊரே சிரித்தது, சிரிக்கட்டும். துரையிடம் அதையே சொல், செலவும் பாரமும் அதிகம் என்றால் ஜன்னலைச் சிறிதாக்கட்டும், கண்ணாடியை மட்டமாக்க வேண்டாம்.

உன் காசிமாயன் மாமா வந்து, "வேலை போச்சுன்னா எம் பொண்ணு கெடையாது மச்சான்" என்றார். "ஒங்க மகன் நல்லகாமன் அசாமுல அந்த வண்டியத்தானே ஓட்டுறான், அவன எந்தக் கண்ணாடிக்குப் பின்னால உக்கார வைக்கணும், நீங்களே சொல்லுங்க மாப்ள" என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார். மறுநாள் ஒரு கவுளி வெற்றிலையோடு வந்து உன் அம்மா கையில் கொடுத்து, "கல்யாணத்த வைகாசியில வச்சுக்கிருவோம்க்கா" என்றார். ஆகவே பெண்ணைப் பற்றியும் கவலை வேண்டாம்.

வேலை போனால் போகட்டும், தலை நிமிர்ந்து வா. மீனாட்சி உனக்குத் துணையிருப்பாள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே என்கிறாள் அம்மா. இந்தக் கடிதத்தைக் காளைக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன், என் பொய்யையும் சேர்த்துத்தான். எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினான். பிறகு மை கேட்டான். "தம்பிகிட்ட கையெழுத்துக் கேக்குற தொரைக்கு இதக் காட்டச் சொல்லுங்கண்ணே" என்றான். என் பெயருக்குக் கீழே இருப்பது அவன் கைநாட்டு.

உன் அப்பா,
மொக்கைச்சாமி