மைதிலி படிக்கச் சொன்ன செய்திகள்

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் நல்ல பனி. கோழிப்பண்ணைக் கூரையே தெரியவில்லை. இன்டர்ன்ஷிப்புக்கு மூன்று நிதி நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பியாயிற்று. மூன்றும் மும்பை. நேர்காணலில் பொருளாதாரச் செய்தி கேட்பார்களாம்.

இன்று படித்தவை: நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய இங்கிலீஷ் வணிகப் பேப்பர். தமிழ்ப் பேப்பரில் வணிகப் பக்கம். போனில் இரண்டு ஆப். டிவியில் பங்குச் சந்தைக்காரர்களின் கத்தல். எல்லாம் பட்ஜெட். சாயங்காலம் யோசித்தால் ஒன்றும் நினைவில் இல்லை.

அப்பா: "ஏஞ்சாமி, இத்தனையும் படிச்சாத்தான் எடுத்துக்குவாங்களா?"

"தெரியலீங்கப்பா."

மும்பையில் இருக்கிற மைதிலிக்குத் தெரியும்.

பிப். 7, வெள்ளி

காலேஜ் ஹாஸ்டல் மாடி ஞாபகம். நானும் மைதிலியும், நடுவில் ஒரே பேப்பர். அவள் தலைப்பை வாசிப்பாள். இதனால் யாருக்கு என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டும். தப்பாகச் சொன்னால் அன்றைய டீ என் செலவு. டிகிரி முடித்ததும் சேர்ந்து மும்பை போவதாகத்தான் பேச்சு. அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன், நான் ஊரிலேயே நின்றுவிட்டேன். அவள் போய்விட்டாள். அம்மா இப்போது நன்றாக நடக்கிறாள். கோபிக்க யாரும் இல்லை.

இன்று மைதிலிக்குப் போன். பின்னால் ஸ்டேஷன் அறிவிப்பு, கூட்டம், யாரோ இந்தியில் சண்டை. "என்னடி படிச்ச?"

"ரிசர்வ் பாங்க் வட்டி பத்தி."

"அதனால?"

தலைப்பையே மறுபடி சொன்னேன். "எல்லாத்தையும் மேயாத புள்ள. ஒரே பேப்பர் படி. ஒரே விசயத்த விடாமப் புடிச்சுக்க. டிரெயின் வந்துருச்சு, வெக்கிறேன்."

வைத்துவிட்டாள். அந்த இரைச்சலுக்குள் போய் நிற்கவேண்டும் போல் இருந்தது.

பிப். 11

இரண்டு ஆப்பையும் நீக்கினேன். டிவி கிடையாது. இங்கிலீஷ் பேப்பர் ஒன்று மட்டும், அதிலும் முதல் பக்கமும் கம்பெனிச் செய்தியும்.

எந்த விசயத்தைப் பிடிப்பது? தங்கம், கச்சா எண்ணெய், ஐ.டி. எதுவும் ஒட்டவில்லை.

அம்மாவுக்கு மாத்திரை வாங்கணும். தலைக்கு எண்ணெய்.

பிப். 16, ஞாயிறு

தீவன லாரி வந்தது. அப்பா டிரைவரிடம், "ஏனுங்க, மறுக்காவும் வெல ஏறிப்போச்சுங்களா?"

"மக்காச்சோளமே கெடைக்க மாட்டேங்குதுங்க. சாராய ஆலைக்கெல்லாம் போகுதாமா."

சாராயம் இல்லை, எத்தனால். பெட்ரோலில் கலப்பது. வியாழக்கிழமைப் பேப்பரில் இருந்ததே! ஓடிப்போய் எடுத்துப் பார்த்தேன். எத்தனால் கம்பெனி ஒன்றின் காலாண்டுக் கணக்கு. அவர்களுக்கும் சோளம் விலைதான் தொல்லை. நாங்கள் அழுகிற அதே சோளம். இதைத்தான் பிடிக்கப்போகிறேன்.

மைதிலிக்கு நீளமாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல். ஹாஸ்டலாக இருந்தால் என் கையிலிருந்து பேப்பரைப் பிடுங்கியிருப்பாள்.

பிப். 24, திங்கள்

வெயில் ஆரம்பித்துவிட்டது. வீடியோவில் நேர்காணல். கண்ணாடி போட்ட அம்மையார், அவசரமே இல்லாத குரல். சமீபத்தில் படித்த செய்தி என்ன என்றார். மக்காச்சோளம் என்றேன். பெட்ரோல் பங்க்கிலிருந்து முட்டை வரைக்கும் போனேன். இங்கிலீஷ் இரண்டு இடத்தில் தடுக்கியது.

அந்த எத்தனால் கம்பெனிப் பங்கை வாங்கலாமா என்று கேட்டார். அடுத்த காலாண்டைப் பார்க்காமல் சொல்லமாட்டேன் என்றேன். எழுதிக்கொண்டார். நல்லதா கெட்டதா?

வாசலில் அப்பா. "என்ன கேட்டாங்க சாமி?"

"சோளம் பத்திங்கப்பா."

"அதுக்கு எதுக்கு மும்பை?" சிரித்துக்கொண்டே கேட்டார். கண் சிரிக்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

வந்துவிட்டது. மும்பை! ஏப்ரலில் சேரவேண்டும். அம்மா அழுதாள். அப்பா பண்ணைக்குப் போய்விட்டு வெகுநேரம் கழித்து வந்தார். "குளுருக்குப் போத்திக்க எதாச்சும் எடுத்துக்க." மும்பையில் ஏது குளிர்? சரிங்கப்பா என்றேன்.

மைதிலி முதல் ரிங்கிலேயே எடுத்தாள். ஒரே கத்தல், நான்தான். அவள் "நல்லதுடி" என்றதோடு சரி.

"என்னடி?"

"எனக்கு இங்க வேல இந்த மாசத்தோட முடியுதுடி. கோயமுத்தூர்ல வேல கெடச்சிருக்கு. உன் ரிசல்ட்டு தெரிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன். ஏப்ரல்ல வாரேன்."

நானும் ஏப்ரல்.

"ஒரே ரூமுன்னு நெனச்சேன்" என்றேன்.

"நானுந்தான். சேலம் ஜங்சன்ல எறங்கி, உன்ன ரயிலேத்தி உட்டுட்டுத்தான் ஊட்டுக்குப் போவேன்."

சரி என்றேன். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.