எல்லாக் கடிகாரத்திலும் பத்து பத்து

பெரியப்பா,

நேற்று கரியாஹாட் போகும் பஸ்ஸில் ஒரு வயதான அம்மா என் கையைப் பார்த்து மணி தெரிந்துகொண்டார். என்னிடம் கேட்கவில்லை. நான் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். குர்த்தாவின் கை முழங்கை வரை சரிந்து, உங்கள் வாட்ச் வெளியே தெரிந்தது. இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்த அவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த மகளிடம் வங்காளியில் சொன்னார்: "நாலு பத்து ஆயிடுச்சு. லேட்டாகும்னு சொன்னேன்ல."

நானும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். நாலு பத்துதான்.

பஸ் குலுங்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஒருவருடைய குடை, இன்னொருவருடைய காலிஃபிளவர் பை. அத்தனையையும் தாண்டி ஒரு வயதான கண்ணுக்கு மணி தெரிந்திருக்கிறது. இதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேறு யாரிடம் சொன்னாலும் "அதுக்கென்ன இப்போ?" என்பார்கள்.

என் மணிக்கட்டுக்கு இது பெரிது. அப்பா ஆணியைச் சுட வைத்து வாரில் இரண்டு ஓட்டை கூடுதலாகப் போட்டுத் தந்தார். நான் சாயங்காலம் வேலைக்குப் போகும் தையல் கடையில், கூட இருக்கும் அக்கா முதல் நாளே சிரித்தாள்: "யாரோட வாட்ச்சைத் திருடிக்கிட்டு வந்தே?" இப்போது அவளும் மெஷினிலிருந்து எழாமல் என் கையைப் பார்த்துத்தான் மணி சொல்கிறாள்.

நீங்கள் எங்கள் காளிகாட் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. பெரியம்மா போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. உங்கள் மகன், என் அண்ணன், உங்களைச் சால்ட் லேக்கில் தன் ஃபிளாட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டான். நீங்கள் மாட்டேன் என்றீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "அங்கேயிருந்து கார்டன் ரீச் போய்ச் சேர்றதுக்குள்ள பொழுது போயிரும்லே" என்றீர்கள். ரயிலில் கார்டாக ஓடி, கடைசிச் சில வருடம் கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர் நீங்கள். ஆபீசுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் புதன்கிழமை தவறாமல் நாலு மணிக்கு உங்களைப் போல ஓய்வு பெற்ற நான்கு பேர் கூடுவீர்கள். ஆறு நாள் அந்த ஒரு நாளுக்காகத்தான் உங்களுக்கு நகர்ந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிடுவீர்கள்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் அந்த வருடம்தான். ஒன்பதாம் வகுப்பில் வாய்மொழித் தேர்வுக்கு எழுந்து நின்றேன். பதில் தெரியும். வாய்தான் திறக்கவில்லை. பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். மறுநாள் வயிற்று வலி என்று போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அப்படியே நின்றுவிட்டேன். அப்பா கத்தினார், அம்மா அழுதாள். நீங்கள் மத்தியானம் ஒரு தமிழ் வாரப்பத்திரிகையை நீட்டி, "கண்ணு புகையா இருக்கு, இதக் கொஞ்சம் வாசி" என்றீர்கள். புரை எடுத்த பிறகும் உங்கள் கண்ணில் ஒரு மங்கல் தங்கிவிட்டிருந்தது. அம்மா சொல்லித்தந்த எழுத்தை வைத்துத் தடவித் தடவி வாசித்தேன். இந்த மடலில் இருக்கும் தமிழ் அப்படிச் சேர்ந்ததுதான்.

அப்படி வாசித்த ஒரு மத்தியானம், யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொன்னேன். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்ததும் "நாம்போ" என்று குரல் கொடுக்க வேண்டும். இறங்கணும் என்று அர்த்தம். எனக்கு அந்த ஒரு சொல் வராது. வேறு யாராவது இறங்கும்வரை உட்கார்ந்திருந்து, அவர்கள் பின்னால் இறங்கி, வந்த வழியே நடந்து திரும்புவேன். நீங்கள் சிரிக்காமல் கேட்டீர்கள். கடைசியில், "கார்டு கொடி காட்டாம வண்டி எப்படிட்டி நிக்கும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொன்னீர்கள். அதை நீங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

மழைக்காலத்தில் உங்கள் பழைய வாட்ச் தண்ணீர் புகுந்து ஓடாமல் நின்றுபோனது. அண்ணன் புதிதாக ஒன்று வாங்கி வந்தான். கருநீல முகம், காகிதம்போல மெலிந்த உடம்பு. எண்கள் கிடையாது, பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில்கூட ஒரு வெள்ளிக் கோடுதான். அம்மா, "அத்தான் கையில கலெக்டர் மாதிரி இருக்கு" என்றாள். நீங்களும் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினீர்கள். ஆனால் நான் கவனித்துக்கொண்டிருந்தேன். மணி கேட்டால் முதலில் கையைப் பார்ப்பீர்கள். பிறகு தண்ணீர் குடிக்கப் போவது போல முன்னறைக்குப் போய், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்வீர்கள்.

அப்புறம் அந்தப் புதன்கிழமை. சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் கண்ணயர்ந்தவர், விழித்துக் கையைப் பார்த்திருக்கிறீர்கள். நாலு பத்து. பதறிப்போய், யாரிடமும் சொல்லாமல், சார்ஜில் கிடந்த போனையும் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். அப்போது மணி உண்மையில் இரண்டு இருபது. டீக்கடையில் யாரும் இல்லை. காத்திருக்காமல் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினீர்கள். இங்கே அம்மாவும் நானும் சந்து சந்தாகத் தேடினோம். அப்பா வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். நீங்கள் படியேறி வந்து, "கொஞ்ச நேரம் பொறுக்க மாட்டானுவளா? இத்தன வருஷப் பழக்கம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உங்கள் போன் அடித்தது. டீக்கடையிலிருந்து உங்கள் நண்பர். "எங்கேய்யா இருக்கீர்? நாங்க நாலு மணியிலேருந்து உக்காந்திருக்கோம்."

அந்தக் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று தோன்றியது.

அன்று அண்ணனும் வந்துவிட்டான். "போதும்ப்பா. இனிமே தனியா வெளியே போகவேண்டாம். பேசாம என்கூட வந்துருங்க. பிறகு எதாச்சும் ஆச்சுன்னா?" என்றான். அப்பாவும் தலையை ஆட்டினார். தூக்கத்தில் குழம்பிவிட்டது என்று நீங்கள் சொன்னீர்கள். வாட்ச்சைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் பத்திரிகையை நான் பிரித்தபோது, அதை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

"ஏட்டி, இந்த வாட்ச்சுல எனக்கு மணி தெரியல. பெரிய முள்ளும் சின்ன முள்ளும் ஒரே உயரம். அண்ணன் தம்பி மாதிரி நிக்கானுவ. யாரு மூத்தவன்னு கேட்டாத்தான் தெரியும்."

"அண்ணன்ட்ட சொல்ல வேண்டியதுதான பெரியப்பா?"

"ஆசையா வாங்கிக் குடுத்திருக்கான். கண்ணு தெரியலன்னு சொன்னா சந்தோஷமாப் பெட்டியத் தூக்கிருவான், சால்ட் லேக்குக்கு."

போனில் பார்க்கலாமே என்றேன். "பஸ்ஸுல ஒரு கை கம்பியில. இன்னொரு கையில டிக்கெட்டு. போனை எந்தக் கையால எடுக்க? வாட்ச்சுன்னா சும்மா ஒரு பார்வையில தெரியணும். நின்னு யோசிக்கணும்னா அதுக்குப் பேரு வாட்ச்சா?"

கோயிலுக்குப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கோயில் சந்துக்கு இரண்டு சந்து தள்ளியிருந்த வாட்ச் கடைக்குப் போனோம். போகும் வழியில் ஒப்பந்தம் செய்துகொண்டோம். நீங்கள் பேசுவீர்கள், நான் பக்கத்தில் நிற்பேன். வங்காளியில் நீங்கள் பேசினால் ஊர்க்காரர்களே அசந்து திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அதில் நிம்மதி.

இங்கே எல்லோரும் சித்தப்பா முறையில் காக்கு என்று கூப்பிடும் கடைக்காரர் வெல்வெட் தட்டு ஒன்றை எடுத்து வைத்தார். நீங்கள் ஒன்றை எடுத்தீர்கள். தங்க நிற முகம், தங்க நிற முள். கையை நீட்டிப் பிடித்து ஒரு பார்வை. "பத்து பத்து" என்றீர்கள். சரியாக இருந்தது. அடுத்தது கறுப்பு. "பத்து பத்து." அதுவும் சரி. காக்கு உங்களை அண்ணனாக்கி, பலே என்றார். "உங்க கண்ணு நல்லாத்தானே இருக்கு தாதா, எது வேணாலும் எடுத்துக்கோங்க." நீங்கள் அந்தத் தங்க நிறத்தையே மறுபடி எடுத்து, கட்டிப் பார்க்க ஆரம்பித்தீர்கள்.

அப்போதுதான் நான் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். உள்ளே இருந்த அத்தனை வாட்ச்சிலும் பத்து பத்து. சுவரில் தொங்கியவற்றிலும் பத்து பத்து. விற்பனைக்கு வைக்கும்போது முள்ளை அப்படித்தான் நிறுத்துவார்கள் போலிருக்கிறது. ரயில்வே கடிகாரங்களோடு வாழ்ந்த உங்களுக்கு அது தெரியாமல் இருக்குமா? நீங்கள் பார்த்துச் சொல்லவில்லை. காக்குவின் முன்னால் தலை குனியக்கூடாது என்று சும்மா சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

பேசாமல் இருந்தால் அந்தத் தங்க வாட்ச்சோடு வீடு திரும்புவோம். இன்னொரு புதன்கிழமை வரும். அதற்கப்புறம் உங்கள் பெட்டி போய்விடும். பேசினால், ஒரு கடைக்காரர் முன்னால் என் பெரியப்பாவை நானே பிடித்துக்கொடுத்த மாதிரி ஆகும்.

பேசவில்லை. உங்கள் கையிலிருந்து அதை மெதுவாகக் கழற்றி, மேஜைக்குக் கீழே பிடித்து, திருகியை இழுத்து முள்ளைச் சுற்றினேன். ஏழு இருபத்தைந்து. பிறகு உங்கள் முன்னால் நீட்டினேன்.

"பத்து பத்து" என்றீர்கள்.

நான் கையை எடுக்கவில்லை. நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். வாட்ச்சை மறுபடி பார்த்தீர்கள், இந்த முறை கிட்டத்தில் கொண்டுபோய். பிறகு மிக மெதுவாக, தமிழில், "பிடிச்சிட்டியேட்டி" என்றீர்கள். கோபம் இல்லை. டிக்கெட் இல்லாமல் வந்து மாட்டிக்கொண்டவர் போல ஒரு சிரிப்பு. வாட்ச்சைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டீர்கள். காக்கு தட்டை உள்ளே எடுக்கக் கையை நீட்டினார்.

"ஆரேக்டா தேகான், காக்கு" என்றேன்.

இன்னொன்று காட்டுங்கள். அவ்வளவுதான். அதைச் சொன்ன குரல் எனக்கே புதிதாக இருந்தது. காக்கு இன்னொன்று எடுத்தார். நான் முள்ளை மாற்றினேன், கண் சிமிட்டும் நேரம் காட்டினேன், மறைத்தேன். நீங்கள் தப்பாகச் சொன்னீர்கள். ஆரேக்டா தேகான். வெள்ளை முகத்தில் வெள்ளி முள்: வெளிச்சம் பட்டால் முள்ளே காணாமல் போனது. ஆரேக்டா. ரோமன் எண்கள் போட்டது: எல்லாம் வேலிக்குச்சி போலத் தெரிகிறது என்றீர்கள். ஆரேக்டா. ஒன்று நன்றாகத்தான் இருந்தது. வாசலுக்குக் கொண்டுபோனால் அதன் கண்ணாடியில் வானமும் மின்கம்பியும்தான் தெரிந்தன, மணி தெரியவில்லை. எத்தனை முறை அந்தச் சொல்லைச் சொன்னேன் என்று நினைவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் முழுக்க அவ்வளவு பேசியிருக்க மாட்டேன்.

கடைசியில் காக்கு அலுத்துப்போய்க் கீழ்த்தட்டிலிருந்து இதை எடுத்துப் போட்டார். "இது பரீட்சை எழுதுற பசங்க வாங்குறது, தாதா. உங்களுக்கு நல்லா இருக்காது." வெள்ளை முகம். ஒன்று முதல் பன்னிரண்டு வரை கறுப்பில் தடித்த எண்கள். மணி முள் குட்டை, குண்டு. நிமிட முள் ஒல்லியாக ஓரம் வரை நீண்டது. விநாடி முள் சிவப்பு. நான் முள்ளைச் சுற்றிக் காட்டி மறைத்தேன்.

"அஞ்சு முப்பத்தெட்டு."

மறுபடி. "பதினொண்ணு அஞ்சு." வாசலில் நின்று, வெயிலில். "எட்டு அம்பத்திரண்டு." ஒரு தடவைகூடத் தப்பவில்லை. காக்குவிடம் திரும்பி, நீங்கள் வங்காளியில் தலை நிமிர்ந்து சொன்னீர்கள்: "நானும் பரீட்சைதான் எழுதப்போறேன். இதையே குடுங்க."

அந்தப் பரீட்சை அடுத்த புதன்கிழமை நடந்தது. இஸ்திரிச் சட்டையோடு நீங்கள் வாசலுக்கு வந்தீர்கள். அப்பா அன்று உங்களைத் தடுப்பதற்காகவே லீவு போட்டிருந்தார். சுவர்க்கடிகாரத்தை மறைத்துக்கொண்டு நின்று கேட்டார்: "அண்ணே, மணி என்ன?"

நீங்கள் செருப்பை மாட்டியபடியே கையை ஒரு முறை பார்த்தீர்கள். "மூணு ரெண்டு."

அப்பா திரும்பிப் பார்த்தார். "மூணு."

"உன் கடிகாரம் ரெண்டு நிமிஷம் பின்னால ஓடுதுலே. போனைப் பாரு."

அப்பா போனைப் பார்த்தார். வாசலை விட்டு விலகினார். நீங்கள் படியிறங்கும்போது என்னைப் பார்த்து, பச்சைக்கொடி காட்டுவது போலக் கையை ஒரு முறை அசைத்தீர்கள். அப்பாவுக்கு அது புரியவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம், ஒவ்வொரு புதனும் நீங்கள் தனியாகப் போய்த் தனியாக வந்தீர்கள். நீல வாட்ச்சை அண்ணன் வரும் ஞாயிறுகளில் மட்டும் கட்டிக்கொண்டீர்கள். அவனுக்கு எப்போதோ தெரிந்துவிட்டிருக்கிறது. நீங்கள் ஒரு வியாழக்கிழமை காலையில், தூக்கத்திலேயே, யாருக்கும் சிரமம் வைக்காமல் போன பிறகு, அவன் இரண்டு வாட்ச்சையும் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு நீலத்தைத் தான் எடுத்துக்கொண்டு, இதை என்னிடம் நீட்டினான். "என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல, கண்ணு தெரியலன்னு?" என்று என்னைக் கேட்டான். முந்தின நாள் புதன்கிழமை, பெரியப்பா. நீங்கள் டீக்கடைக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தீர்கள். எனக்கு அது போதும் என்று இருந்தது.

துணிக்கடையில், காய்க்கடையில், தையல் கடைக்குப் பொத்தான் வாங்கப் போகும் இடத்தில், இப்போதும் "ஆரேக்டா தேகான்" என்று கேட்கிறேன். சில நாள் குரல் உள்ளேயே நின்றுவிடும். அப்போது கையைப் பார்ப்பேன்.

நேற்றும் பார்த்தேன். முன்பென்றால் ஒருவர் என்னை உற்றுப் பார்த்ததும் குர்த்தாவின் கையை இழுத்துவிட்டிருப்பேன். நேற்று இழுக்கவில்லை. அந்த அம்மா மறுபடி மறுபடி பார்க்கிறார் என்று தெரிந்து, மணிக்கட்டைக் கொஞ்சம் அவர் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டேன். என் இடம் வந்தது. வேறு யாரும் எழவில்லை. "நாம்போ" என்றேன். கண்டக்டர் பஸ்ஸின் பக்கத்தைத் தட்டினார். வண்டி நின்றது.

இறங்கி நின்று மணி பார்த்தேன். நாலேகால் என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. நாலு பதினேழு, பெரியப்பா.