எண்ணாமல் கேட்பது

செவ்வாய், இரவு.

குருநகர் ஸ்ரெல்லா அக்கா இண்டைக்கும் என்னட்டை உளவளத்துணைக்கு, மனசாறக் கதைக்க, வந்தா. அவவின்ரை மகன் கடலிலை செத்து மூண்டு மாசம். போட் அவனில்லாமல் கரைக்கு வந்த காலமையைப் பற்றித்தான் திரும்பவும் கதைச்சா. எனக்கு அவ இண்டைக்கு ஆறாவது ஆள். அதுக்கு மேலை கேக்க ஏலேல்லை. பதட்டம் வந்தால் கண்ணிலை படுகிற ஐஞ்சு சாமானை மனசுக்குள்ளை எண்ணச் சொல்லி வாற ஆக்களுக்குப் பழக்கிறனான். அதை நானே செய்தன். கதவு, ஃபான், கலண்டர்...

அவ கதைக்கிறதை நிப்பாட்டினா.

"மிஸ், எண்ணுறியள் என்ன? எனக்கும் இதைத்தானே சொல்லித் தந்தனீங்கள்."

இல்லையெண்டு பொய் சொன்னன். கடைசியாச் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டன்.

"அது பரவாயில்லை" எண்டிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போயிட்டா.

வேலை முடிஞ்சாப் பிறகு ஆருக்கும் போன் எடுக்கிறதில்லை. நான் உடைஞ்சு போகாமலிருக்க நானே போட்ட சட்டம் அது. ஆனால் நான் கேளாமல் விட்டதிலை அவ என்ன சொன்னா எண்டு நினைக்க நினைக்கச் சோறு இறங்கேல்லை. அவவுக்குப் போன் எடுத்தன்.

முதல் மணியிலையே கதைச்சா. "இப்ப எண்ணாமல் கேளுங்கோ, மிஸ்."

எண்ண ஒண்டும் கண்ணிலை படாமல் லைற்றை நூத்துப்போட்டுக் கேட்டன்.