எண்ணெய் பூசிக் கொடுத்த வாணலி

மார்ச் 3, செவ்வாய்

புது நான்ஸ்டிக் வாணலி வந்துவிட்டது. பழையதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. கம்பி நாரால் நான் தேய்த்த தேய்ப்பில் கறுப்புப் பூச்சு உரிந்து, நடுவில் அலுமினியம் வழுக்கை மாதிரி பளபளக்கிறது. போன வாரம் முட்டையில் கறுப்பாக ஏதோ இருந்தது. "என்னது இது?" என்றார் வீட்டுக்காரர். "மிளகு" என்றேன். பாவம், சாப்பிட்டுவிட்டார்.

மார்ச் 4, புதன்

வாணலியில் எண்ணெய் பூசித் துடைத்தேன். கீறலெல்லாம் மறைந்து மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது. கீழ் வீட்டுக்குக் கொண்டுபோய் என் ஓரகத்தியிடம் நீட்டினேன். "உங்களுக்குன்னே எடுத்து வெச்சேன் அக்கா."

அவள் கண் கலங்கிவிட்டது. "என்னைக்கூட நினைக்கிறியேடி."

புருஷன் போன பிறகு அவளுக்குத் துணை சமையலறைக் கூண்டில் இருக்கும் இரண்டு லவ் பேர்ட்ஸ்தான். பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று. என்னிடம் சொல்லாததையும் அவற்றிடம் சொல்வாள். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

மார்ச் 9, திங்கள்

படி இறங்கச் சோம்பல்பட்டு அக்காவுக்கு போன் போட்டேன். எதிர் வீட்டுத் தையல்காரர் மனைவி பெட்டியோடு கிளம்பிய கதை. சும்மா விடுவேனா?

"இருடி, வாணலியை அடுப்புல காய வெச்சிருக்கேன்" என்றாள்.

"ஐயோ, இப்பதான் அக்கா கதை சூடு பிடிக்குது!"

பேசினேன். பேசிக்கொண்டே இருந்தேன். "என்னமோ நெடி வருதுடி" என்று அவளாகத்தான் போனை வைத்தாள்.

சாயங்காலம் கீழே அழுகைச் சத்தம். மஞ்சள், கூண்டின் அடியில் கிடந்தது.

மார்ச் 10, செவ்வாய்

"நேத்து புதுத் தீனி வெச்சேன்டி. நான்தான் கொன்னுட்டேன்" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்கிறாள். பச்சைக்கும் மூச்சு இழுக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வர அவளுக்குத் தைரியமில்லை. நான் கூண்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பறவை டாக்டர் முதலில் கேட்டதே, "நான்ஸ்டிக் ஏதாவது காலியா அடுப்புல காய்ஞ்சுதா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அந்தப் புகை பறவைக்கு எமன்மா. புதுசானாலும் அப்படித்தான்."

"உரிஞ்ச துகளை முழுங்கினா?" என்றேன். மிளகு ஞாபகம்.

"பெரும்பாலும் அப்படியே வெளியே போயிடும். அதுக்காக உரிஞ்சதை வெச்சுக்கிட்டு இருக்காதீங்க."

பச்சை பிழைத்துவிடுமாம். காற்றோட்டமாக வைக்கச் சொன்னார். அக்காவிடம் வந்து அதை மட்டும் சொன்னேன். மீதியை? வாய் ஓயாத எனக்கு அங்கே வாயே வரவில்லை.

மார்ச் 12, வியாழன்

என் புது வாணலியை எடுத்துக்கொண்டு போனேன். புதுசும் புகையும்தான்; ஆனாலும் உண்மையைச் சொல்லாமல் தப்பிக்க வேறு வழி தெரியவில்லை. "அக்கா, மாத்திக்கலாமா? பழசுதான் எனக்குக் கைப்பழக்கம்."

"போடி. ஆசையா குடுத்ததை யாராவது திருப்பித் தருவாங்களா?"

கூண்டு பழைய இடத்திலேயே இருக்கிறது. அதே வாணலி அதே அடுப்பில். பச்சை தனியாக உட்கார்ந்து என்னையே பார்க்கிறது. அதுக்குத் தெரியுமோ? என்ன ஜென்மம் நான் — இன்னொன்றும் போனால்தான் வாய் திறப்பேனா?

மார்ச் 13, வெள்ளி

சொல்லிவிட்டேன். புகை, டாக்டர், நான் போனை விடாமல் பிடித்து வைத்தது, எல்லாம். தீனி மேல் தப்பில்லை அக்கா, உங்க மேலயும் இல்லை என்றேன்.

அவள் வாணலியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எண்ணெய் பூசித்தான் குடுத்தியா?"

"ஆமா அக்கா."

வாணலியை என் கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் கொஞ்சம் அழுதிருப்பேன்.

மார்ச் 14, சனி

பழைய வாணலியை இரும்புக் கடைக்காரரிடம் போட்டேன். அவராவது அதை எண்ணெய்ப் பூச்சு இல்லாமல் பார்த்தார்.

மார்ச் 21, சனி

படியில் அக்கா எதிரே வந்தாள். சிரித்தேன். அவள் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனாள். தையல்காரர் மனைவி திரும்பி வந்துவிட்டாளாம். யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

கதவு தட்டும் சத்தம். அக்கா. கையில் கூண்டு.

"தங்கச்சி வீட்டுக்குப் போறேன். வர்றவரைக்கும் பாத்துக்கோ." பாதிப் படி இறங்கியவள் திரும்பினாள். "சமையலறைப் பக்கம் மட்டும் வெச்சே, தெரியும் சேதி."

திட்டிவிட்டாள்! உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன்.

பச்சையை முன்னறை ஜன்னலோரம் வைத்தேன். மதியம் வீட்டுக்காரர் அடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். "ஏன்டி, இன்னைக்கு ஒண்ணும் சமைக்கலையா?"

"விருந்தாளி வந்திருக்காங்க. கடையில வாங்கிட்டு வாங்க."