காணாமல் போன பதினான்கு குதிரைகள்

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உடம்பளவில்தான் சொல்கிறேன், மற்றதைக் கீழே எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் கேட்டால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். உன் சிரிப்பைக் கேட்டதும் எனக்கும் கேட்க வந்தது மறந்துபோகும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. அதனால் இந்த முறை காகிதத்தில் எழுதுகிறேன். முழுவதும் படித்து முடிக்கும்வரை என்னைக் கூப்பிடாதே.

விஷயம் நம் காரைப் பற்றியதுதான். ஆனால் அது வண்டியோடு நிற்கவில்லை. அக்கா நம் வீட்டுப் பக்கம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. அவளிடம் இருந்த நம் வீட்டுச் சாவியைக்கூட ஒரு உறையில் போட்டு அனுப்பிவிட்டாள். அத்தானை நான் பேசக்கூடாத பேச்சுப் பேசிவிட்டேன். அக்கா வீடும் நம் வீடும் பழையபடி ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வரிசையாகச் சொல்கிறேன். நீ வெளியூர் வேலைக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், எஞ்சின் சக்தியை அளக்கிற டைனோ கூடத்துக்கு வண்டியை எடுத்துப் போனோம். உருளைகள்மேல் ஏற்றி, முழு வேகத்தில் ஓடவிட்டு, நூற்று முப்பத்தெட்டுக் குதிரைத்திறன் என்று தாள் கொடுத்தார்கள். எஞ்சின் நீ தேர்ந்தெடுத்தது. வேறொரு பெரிய வண்டியிலிருந்து கழற்றி வந்தது. இந்த வண்டிக்குள் அது உட்காரவே உட்காராது என்று பட்டறைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குத் தின்னக் கொடுத்துத்தான் உட்கார வைத்தோம். தாளைப் பார்த்ததும் நான் கூடத்திலேயே குதித்தேன். நீ என் முதுகில் தட்டிக்கொண்டே நின்றாய்.

நீ போன பிறகு அத்தான் புது கேம் ஷாஃப்ட் கடைந்து தருவதாகச் சொன்னார். அவர் லேத்துப் பட்டறையில் அந்த வேலைக்கென்றே ஒரு மெஷின் வைத்திருக்கிறார் அல்லவா. "பன்னெண்டு குதிரைக்குக் குறையாது மச்சான், வேணும்னா எழுதித் தரேன்" என்றார். கேம் ஷாஃப்ட் என்றால் என்ன என்று வீட்டில் இவள் கேட்டாள். எஞ்சின் மூச்சு விடும் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு அது, அதில் உள்ள குமிழ்களின் வடிவத்தை மாற்றினால் வால்வு இன்னும் அகலமாக, இன்னும் கொஞ்சம் நேரம் திறந்திருக்கும், மூச்சு அதிகமானால் சக்தியும் அதிகம் என்று விளக்கினேன். உங்கள் குறட்டைக்கும் அதில் ஒரு குமிழைக் குறைத்து மாட்டச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஷாஃப்டை மாட்டி, அதே கூடத்துக்கு, அதே உருளைகளுக்கு ஓட்டிப் போனேன். நூற்று ஐம்பது வந்திருக்க வேண்டும். வந்தது நூற்று முப்பத்தாறு. பதினான்கு குதிரைகளைக் காணோம். சும்மா இருந்த பழைய ஷாஃப்டே இதைவிட இரண்டு கூடக் கொடுத்திருக்கிறது.

என் புத்தி உனக்குத் தெரியும். காய்கறிக்காரர் கொசுறு கூடப் போட்டால்கூட எதற்குப் போட்டார் என்று யோசிக்கிறவன் நான். முதலில் என்னையே சந்தேகப்பட்டேன், அந்த மட்டும் நியாயமாகத்தான் இருந்தேன். ஷாஃப்டைச் சுற்றவைக்கும் டைமிங் செயின் ஒரு பல் தள்ளி விழுந்திருக்குமோ என்று முன்பக்கம் முழுவதையும் பிரித்தேன். குறிகள் நேராகத்தான் இருந்தன. குறியை நம்பக்கூடாது என்று டயல் கேஜ் வைத்து, வால்வு எந்தக் கோணத்தில் திறக்கிறது என்று அளந்தேன். அத்தான் எழுதிக் கொடுத்த கோணம்தான். வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் இடைவெளி சரி. நான்கு சிலிண்டரிலும் அமுக்கம் சரி. சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்ததில் தெருவில் இரண்டு குழந்தைகள் அழுததுதான் மிச்சம். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் உள்ளே காற்று போகும் வாய் முழுக்கத் திறக்கிறதா என்று இவளை உட்காரவைத்து மிதிக்கச் சொல்லிப் பார்த்தேன். திறந்தது. எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலும் குறையவில்லை.

இவ்வளவும் சரி என்றால் தப்பு ஷாஃப்டில்தானே இருக்க வேண்டும். அப்படித்தான் யோசித்தேன். அத்தான் நல்லதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு, அரைகுறையாகக் கடைந்ததை மச்சான்தானே என்று என் தலையில் கட்டிவிட்டாரோ என்று ஒரு எண்ணம் வந்தது. வந்தபிறகு அது போகவில்லை. முந்தின வாரம் அவர் ஒரு போட்டி வண்டிக்குக் கேம் கடைந்தது நினைவுக்கு வந்தது. அவர் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்றும் தோன்றியது. அவர் யார் கண்ணையும் பார்த்துப் பேசமாட்டார், வேலையைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார். அதெல்லாம் அப்போது உறைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு அவர் பட்டறைக்குப் போனேன். வேலையாட்கள் இருந்தார்கள், வேலை கொடுக்க வந்த மெக்கானிக்குகள் இரண்டு பேரும் இருந்தார்கள். மேஜைமேல் தாள்களைப் போட்டு, சொந்தக்காரனுக்கே இப்படிச் செய்கிறவர் மற்றவர்களுக்கு என்ன செய்வார் என்று கேட்டேன். ஆமாம், அப்படியே கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு முதல் தாளை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். அப்புறம் மைக்ரோமீட்டரை என் பக்கம் நகர்த்தி, "நீயே அளந்து பாரு மச்சான்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மாட்டிக்கொண்டதால் பேச்சு வரவில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். தாள்களை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மறு வாரமே அந்த இரண்டு மெக்கானிக்குகளும் தங்கள் வேலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு லேத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அக்காவிடமிருந்து உறை வந்தது. சாவி, இரண்டு தாள்கள், வேறொன்றும் இல்லை. ஒரு வரிகூட எழுதவில்லை. இவள் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்போதும் என் சந்தேகம் அடங்கவில்லை, ஆள் மட்டும் மாறியது. ஷாஃப்டைக் கழற்றி நானே அளந்து பார்த்தேன். ஒவ்வொரு குமிழும் அத்தான் சொன்ன அளவுதான், மயிரிழை பிசகவில்லை. சரி, அப்படியானால் டைனோ கூடத்துக்காரர்தான் ஏதோ செய்திருக்கிறார் என்று இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படித்தேன். வண்டி எடை ஒன்றுதான். கியர் ஒன்றுதான். மூலையில், பொடி எழுத்தில், அன்றைய காற்றின் சூடும் அழுத்தமும் இருந்தன. இரண்டாவது தாளில் இருபத்து நான்கு டிகிரி. முதல் தாளில் நாற்பத்தேழு டிகிரி, அழுத்தமோ ஏதோ மலை உச்சியில் நின்று அளந்தது போல.

அன்றைக்கு என்ன நாள் என்று உனக்கு மறந்திருக்காது. காலையிலிருந்து கொட்டு கொட்டென்று மழை. நீ சட்டையைக் கழற்றிப் பிழிந்து வண்டிக் கண்ணாடிமேல் காயப்போட்டாய். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுங்கினோம். நாற்பத்தேழு டிகிரியாம்.

கூடத்துக்காரரிடம் போனேன். சூட்டிலும் மெல்லிய காற்றிலும் எஞ்சினுக்கு மூச்சு போதாது, அதனால் எவ்வளவு சூடு என்று போட்டால் அதற்கு ஈடாக மெஷின் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும், மழை நாளையும் வெயில் நாளையும் ஒப்பிட அதுதான் வழி என்றார். இல்லாத சூட்டைப் போட்டால் இல்லாத குதிரையைக் கொடுக்கும் என்று நான் சொன்னேன். அவர் முதல் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு, "உங்க அண்ணன்தான் போடச் சொன்னாரு" என்றார். "ரெண்டு வருஷம் தம்பி ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணைப் பார்க்கல, நாளைக்கு நான் கிளம்பணும், அவன் மூஞ்சி வாடியிருந்தா என்னால போக முடியாதுன்னாரு. ஒரு நம்பர்தானேன்னு நானும் போட்டுட்டேன்."

அன்றைய உண்மையான சூட்டைப் போட்டு அவரே மறுபடி கணக்கிட்டதில் வந்த எண் நூற்று இருபத்து மூன்று. அதோடு வைத்துப் பார்த்தால் அத்தானின் ஷாஃப்ட் பதின்மூன்று குதிரைகளைக் கூட்டியிருக்கிறது. பன்னிரண்டுக்குக் குறையாது என்றார், ஒன்று கூடவே கொடுத்திருக்கிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தேடிய பதினான்கு குதிரைகள் என்றைக்கும் இருந்ததே இல்லை.

அன்றைக்கே அத்தான் பட்டறைக்குப் போனேன். வேலையாட்கள் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அந்த இரண்டு மெக்கானிக்குகளிடமும் போய் நான் அளந்தது தவறு என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் பெயரை எங்கேயும் எடுக்கவில்லை. ஆனால் அத்தானிடம் எடுக்கத் தேவையே இருக்கவில்லை. முதல் தாளை எடுத்து அந்த நாற்பத்தேழு டிகிரியைப் பார்த்ததுமே, அது உன் வேலைதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டதாம். பின்னே அப்போதே ஏன் சொல்லவில்லை, எல்லோர் முன்னாலும் அவமானப்பட்டுக்கொண்டு ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன். மெஷினைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சொல்லியிருந்தா என்னை விட்டுட்டு அவரைப் பிடிச்சிருப்பே. நான் இங்கதான இருக்கேன், நாலு நாள் கோவிச்சுக்கிட்டு நீயா வருவே. அவரு அங்க தனியா இருக்காரு."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை அண்ணா. வெட்கமாக இருந்தது.

அத்தான் மன்னித்துவிட்டார். அக்கா இன்னும் மன்னிக்கவில்லை. புருஷன் வாய் திறக்காமல் பழி சுமந்தார், ஏன் என்று அவளிடமும் சொல்லவில்லை. அதை நான் சொல்லக்கூடாது, நீதான் சொல்ல வேண்டும். அக்காவுக்கும் அத்தானுக்கும் உன் கையால் ஒரு கடிதம் எழுது. சமாதானம் எதுவும் வேண்டாம், நடந்ததை நடந்தபடி எழுது. அவள் சாவியை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எனக்கும் ஒன்று வேண்டும். அத்தான் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து, நீ போனதற்குப்பின் எங்களுக்குச் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தங்கியிருக்கும் அறையில் பெரிய ஜன்னல் இருக்கிறது என்றாய். மேலாளர் தங்கமான மனிதர் என்றாய். முதுகுவலி சுத்தமாகப் போய்விட்டது, சாப்பாடு வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கிறது, சீக்கிரமே பதவி உயர்வு என்றாய். எட்டு மாதத்தில் ஒன்றுகூடக் குறை இல்லை. நான் சந்தேகப் பிராணி, தெரியும். ஆனால் ஒரு மனிதனுக்கு எட்டு மாதம் எல்லாமே நன்றாக இருக்குமா?

அன்றைக்கு நூற்று இருபத்து மூன்று என்று நீ சொல்லியிருந்தாலும் நான் சந்தோஷமாகத்தான் உன்னை வழியனுப்பியிருப்பேன். என் முகம் வாடும் என்று பயந்து இனி எதையும் கூட்டிச் சொல்லாதே. முடியவில்லை என்றால் முடியவில்லை என்று எழுது. திரும்பி வரவேண்டும் போலிருந்தால் வா, யாரும் ஏன் என்று கேட்கமாட்டோம். நான் கேட்கவிடமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஜன்னல் உண்மையிலேயே இருக்கிறதா அண்ணா?

உன் பதிலை உள்ளபடியே ஏற்றுக்கொள்ளக் காத்திருக்கும்
தம்பி